கிளம்ப மறுக்கும் டிரைவர்!

டிரைவர் என்றதும் நமக்கெல்லாம் காக்கிச் சட்டையும் கழுத்தில் கர்ச்சீப்புமாக, ஸ்டாண்டில் டீ கிளாஸோடு நிற்கும் ஒரு மனிதர்தான் ஞாபகத்துக்கு வருவார். கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, ஒரு பட்டாளமே இருக்கிறது. பிரின்டருக்கு ஒருவர், ஸ்பீக்கருக்கு ஒருவர், கீ-போர்டுக்கு ஒருவர். இவர்களில் அடிக்கடி கோபித்துக்கொள்பவர், ஒரு வேலைக்கு மூன்று வேலை இழுத்து வைப்பவர், 'போய்ட்டு வாப்பா' என்று கணக்கு முடித்து அனுப்பினாலும் டிரங்குப் பெட்டியைத் திண்ணையிலேயே விட்டுப் போகிறவர் ஒருவர் உண்டு.

அவர்தான் கிராஃபிக்ஸ் டிரைவர்.

இவருடைய வேலை துபாஷி வேலை. விண்டோஸுக்கு கிராஃபிக்ஸ் கார்டின் பாஷை தெரியாது. கார்டுக்கு விண்டோஸின் பாஷை தெரியாது. 'இந்த ஜன்னலை இங்கே வரை, அந்தப் படத்தை அங்கே நகர்த்து' என்று விண்டோஸ் சொல்வதை, என்விடியா கார்டுக்கு என்விடியா பாஷையிலும், ஏ.எம்.டி. கார்டுக்கு ஏ.எம்.டி. பாஷையிலும், இன்டெல் சிப்புக்கு இன்டெல் பாஷையிலும் நொடிக்கு நொடி மொழிபெயர்த்துச் சொல்கிறார். துபாஷி உளறினால் இரண்டு பக்கமும் அடிதடி. ஸ்கிரீன் கறுத்துப் போகும்.

ஒரு காலத்தில் இவர் 1.44 எம்.பி. ஃபிளாப்பி ஒன்றில் அடக்கமாக வந்து இறங்கினார். இன்றைக்கு ஐந்நூறு எம்.பி.க்கு மேல் குடும்பம் குட்டியோடு வருகிறார். கூடவே ஆடியோ டிரைவர், கேம் ரெகார்டர், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஒரு உதவியாள் என்று தூரத்துச் சொந்தங்களும் உண்டு.

'இது ஏதோ கேம் ஆடுகிற பசங்க சமாசாரம், நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மூன்று கணக்குச் சொல்கிறேன்.

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்து, உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் மயங்கி விழுந்தன. பின்னால் அமெரிக்க வழக்கு ஒன்றில் வெளியே வந்த மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணங்களில், அந்த வருஷம் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவிகிதத்துக்கு என்விடியா டிரைவர்கள் காரணம் என்று இருந்தது. 2010 மார்ச்சில் அதே கம்பெனியின் 196.75 என்ற டிரைவர், கார்டின் விசிறியைச் சரியாகச் சுற்றவிடாமல் செய்து கார்டைச் சூடேற்றியது. கம்பெனியே அதை வாபஸ் வாங்கி, 'பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்' என்று சொல்லவேண்டி வந்தது. வெறும் சாஃப்ட்வேர்தானே என்று நினைத்தது, இரும்பையே காய்ச்சி எடுத்துவிட்டது!

மூன்றாவது கணக்கு கிராஃபிக்ஸ் டிரைவர் அல்ல. ஆனால் அதே ஜாதி. 2024 ஜூலை 19-ந் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் டிரைவர் ஒரு கோளாறான ஃபைலைப் படித்துத் தடுக்கி விழ, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீனோடு நின்றன. நம் நாட்டு ஏர்போர்ட்டுகளில் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது. அன்றைக்குச் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? 'சேஃப் மோடில் போய், கெட்ட ஃபைலை அழித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.' இந்தக் கட்டுரையின் சாரமும் அதேதான். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கம்ப்யூட்டரை நீங்களே பிழைக்க வைக்கலாம். சில சமயம் பெரிய செலவும் மிச்சமாகும்.

ஏன் போகமாட்டேன் என்கிறார்?

நான் பி.காம். ஆசாமி. எனக்கு எதையும் கணக்குப் புத்தகமாகப் பார்த்தால்தான் புரியும். கன்ட்ரோல் பேனலுக்குப் போய் 'அன்-இன்ஸ்டால்' அழுத்துவது, ஒரு வியாபாரியோடு பேச்சை முறித்துக்கொள்வது மாதிரி. ஆனால் லெட்ஜரில் அவர் பக்கம் அப்படியே இருக்கும். சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் நூற்றெட்டு ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கும். வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து நிற்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

விண்டோஸில் 'டிரைவர் ஸ்டோர்' என்று ஒரு கிடங்கு உண்டு. இதுவரை இன்ஸ்டால் செய்த டிரைவர்களின் பிரதிகள் அதில் இருக்கும். இது சோம்பேறித்தனமல்ல, முன்ஜாக்கிரதை. புது டிரைவர் சொதப்பினால் பழையதற்குத் திரும்ப வேண்டுமே! இதைத் தவிர, ரெஜிஸ்ட்ரி என்கிற மகா பேரேட்டில் பழைய டிரைவர் எழுதி வைத்த குறிப்புகள், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், கேம்களுக்காகச் சேர்த்து வைத்த ஷேடர் குப்பைகள் என்று பாக்கிகள் பல.

பெரும்பாலான சமயம் இந்தப் பாக்கி யாரையும் கடிக்காது. புது டிரைவர் பழையதன் மேலேயே ஏறி உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்ப்பார். ஆனால் கம்பெனி மாறும்போது, அதாவது ஏ.எம்.டி. கார்டைக் கழற்றி என்விடியா போடும்போதோ, பாதி இன்ஸ்டாலில் கரன்ட் போகும்போதோ, பழைய பாக்கியும் புதுக் கணக்கும் முட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்.

மாடிவீட்டுக் கல்யாணம்

எங்கள் மாடி போர்ஷனில் ஒரு தம்பி இருக்கிறான். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். போன வருஷம் பழைய கார்டைக் கொடுத்துவிட்டு, வேறு கம்பெனி கார்டு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டான். நாலு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் ஸ்கிரீன் இருட்டாகி, இரண்டு நொடி கழித்துத் திரும்ப வரும். ஆனால் எக்ஸ்போர்ட் செத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் மாலை மாற்றுகிற வரை வரும், தாலி கட்டுவதற்குள் நின்றுவிடும்.

டெலிவரி ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டுக்காரர் மீதிப் பணத்தை அன்றைக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறான். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கார்டு போயிடுச்சு தம்பி. புதுசு முப்பதாயிரம் ஆகும். இதைக் குடுத்துட்டா மூவாயிரம் கழிச்சுக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. செத்துப்போன கார்டுக்கு எதற்கு மூவாயிரம்?

"தம்பி, ஸ்விட்ச் போட்டதும் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி கம்பெனி பேர் வருதில்ல, அது சுத்தமா தெரியுதா? கோடு, புள்ளி ஏதாவது இருக்கா?"

"சுத்தமா இருக்குண்ணா."

"பயாஸ் ஸ்கிரீன்ல பத்து நிமிஷம் சும்மா விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தான். ஒரு கோடு இல்லை, ஒரு துடிப்பு இல்லை. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பு அந்த டிரைவர் வேலைக்கே வருவதில்லை. அந்த நேரத்திலேயே கோடும் கட்டமும் தெரிந்தால் கார்டின் மேலோ, கேபிள், மானிட்டர் மேலோ சந்தேகப்படலாம். அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் தகராறு என்றால், பர்ஸைத் திறப்பதற்கு முன் டிரைவரைச் சந்தேகப்படுவதே நியாயம்.

டிவைஸ் மேனேஜரில் பார்த்தால், கார்டு போய்ப் பல நாளாகியும் பழைய கம்பெனியின் சாமான்கள் அப்படியே இருந்தன. சுத்தமாகத் துடைத்துப் புது டிரைவர் போட நாற்பது நிமிஷம் ஆனது. சனிக்கிழமை அதிகாலை மூன்றரைக்கு மாடியிலிருந்து கெட்டிமேளச் சத்தம்! என் மனைவி திடுக்கிட்டு எழுந்து, "இந்நேரத்துல யாருக்குங்க கல்யாணம்?" என்றாள்.

எல்லாக் கதையும் இப்படி சுபமாக முடியாது. என் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் கம்பெனி பெயர் வரும்போதே ஸ்கிரீன் முழுக்கப் பச்சைக் கட்டம். மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தும் பச்சை போகவில்லை. அதற்கு எத்தனை டிரைவர் மாற்றியும் பயனில்லை. கார்டுக்கு மாலை போட வேண்டியதுதான்.

முதலில் கை வைத்தியம்

ஜலதோஷத்துக்கு யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. இந்தச் சின்ன வைத்தியங்களை முதலில் பாருங்கள்:

1. ஸ்கிரீன் உறைந்து நின்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு 'பீப்', ஒரு கண் சிமிட்டல். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாக ஸ்டார்ட் ஆகும். திறந்திருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

2. கேபிளைப் பாருங்கள். கார்டில் சொருக வேண்டிய மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு 'கார்டு வேலை செய்யலை' என்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. தூசி, சுற்றாத விசிறி, தளர்ந்த பவர் ஒயர் இவற்றையும் ஒரு கண் பாருங்கள்.

3. நேற்றுவரை நன்றாக இருந்து, அப்டேட்டுக்குப் பிறகு தகராறு என்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ், உங்கள் கார்டு, பிராப்பர்ட்டீஸ், டிரைவர் என்று வரிசையாகப் போங்கள். அங்கே 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் உயிரோடு இருந்தால் அழுத்துங்கள். பழையவர் திரும்பி வருவார்.

4. கம்பெனிகளே கொடுத்திருக்கும் துடைப்பம் உண்டு. என்விடியா இன்ஸ்டாலரில் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்தால் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' என்று ஒரு கட்டம் வரும். இன்டெல்லிலும் அதே மாதிரி கட்டம் இருக்கிறது. ஏ.எம்.டி. 'கிளீனப் யுட்டிலிட்டி' என்று தனியாக ஒரு புரோகிராம் தருகிறது. பாதி வியாதி இதிலேயே போய்விடும்.

இதற்கும் மசியவில்லையா? ஆபரேஷன் தியேட்டருக்கு வாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்

கத்தியை எடுக்கும் முன் தையல் நூல் இருக்கிறதா என்று பார்ப்பது டாக்டருக்கு அழகு.

கார்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான டிரைவரைக் கம்பெனியின் சொந்த சைட்டிலிருந்து முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் என்றால், லேப்டாப் கம்பெனியின் சைட்டில் முதலில் பாருங்கள். பல லேப்டாப்களில் பிராசஸரோடு ஒட்டிப் பிறந்த சின்ன கிராஃபிக்ஸ் ஒன்று, தனி கார்டு ஒன்று என்று இரட்டைக் குடித்தனம். அதற்கேற்ற டிரைவரை அவர்களே வெட்டித் தைத்து வைத்திருப்பார்கள்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் 'புதுசுதான் நல்லது' என்று பாய வேண்டாம். என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்கு 2021-லேயே புது கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன. நம்மூரில் சக்கைப் போடு போட்ட 1050, 1060 கார்டுகள் இருக்கும் பாஸ்கல் தலைமுறைக்கும் 2025 அக்டோபரோடு அதே கதை. அதற்குப் பிறகு பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும்தான். மாடலைச் சொல்லித் தேடினால் அதற்குரிய கடைசி டிரைவர் கிடைக்கும்.

அடுத்து, டிஸ்பிளே டிரைவர் அன்-இன்ஸ்டாலர். சுருக்கமாக டி.டி.யூ. இலவசம். வாக்னார்ட்சாஃப்ட் என்பது இதைத் தயாரிப்பவர்களின் சைட். அங்கிருந்தே இறக்குங்கள். இதே பெயரில் கடை விரித்திருக்கும் சைட்டுகளில் வைரஸ் இனாமாகக் கிடைக்கலாம்.

முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஒரு 'ரெஸ்டோர் பாயின்ட்' போட்டு வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயம். பல விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும்போது, 'யாரப்பா நீ? 48 இலக்க ரெகவரி கீயைச் சொல்' என்று வாசலிலேயே அது நிறுத்தக்கூடும். சொந்தக் கம்ப்யூட்டரென்றால் அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். முன்கூட்டியே பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள். கம்ப்யூட்டருக்குள் எழுதி வைத்தால், பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதைதான். சில கம்ப்யூட்டர்களில் சேஃப் மோடில் நாலு இலக்க பின் நம்பர் எடுபடாது. முழு பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக, நெட்டைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள், வை-ஃபையை அணையுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் பழைய டிரைவரை அனுப்பிய மறு நிமிஷம், விண்டோஸ் அப்டேட் 'ஐயோ, வீடு காலியா இருக்கே' என்று தனக்குத் தெரிந்த ஒரு டிரைவரைக் கூட்டிவந்து குடிவைத்துவிடும்.

ஆபரேஷன்

ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீல நிறத்தில் ஒரு மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோடு. (அந்தக் காலத்து எஃப்-8 வித்தை விண்டோஸ் 8 முதல் சாதாரணமாகப் பலிப்பதில்லை.) ஸ்கிரீனே தெரியாதவர்கள், விண்டோஸ் லோடாகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அதுவே பயந்து ரிப்பேர் மெனுவுக்கு வரும். சிலர் எம்.எஸ்.கான்ஃபிக் வழியாக சேஃப் மோடு போகச் சொல்வார்கள். பாஸ்வேர்டு மறந்தவர்கள் அதில் போனால், ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வந்து விழுந்து வெளியே வர முடியாமல் முழிப்பார்கள். வேண்டாம்.

சேஃப் மோடு எதற்கு? ஆள் குடியிருக்கும் வீட்டில் வெள்ளையடிக்க முடியாது. சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசியமான ஆட்களை மட்டும் வேலைக்கு எடுக்கும். கார்டின் டிரைவர் அன்றைக்கு லீவு. அதனால் அவருடைய ஃபைல்களைத் தடையில்லாமல் அழிக்கலாம்.

டி.டி.யூ.வைத் திறந்து ஜி.பி.யூ. என்றும், கம்பெனி பெயரையும் தேர்ந்தெடுங்கள். 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்' அழுத்துங்கள். கார்டையே மாற்றப் போகிறீர்களென்றால் 'ஷட்டவுன்' என்று இருப்பதை அழுத்தி, அணைந்ததும் மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். மாடிவீட்டுத் தம்பிக்குப் பண்ணின மாதிரி இரண்டு கம்பெனி பாக்கியும் இருந்தால், முதலில் பழைய கம்பெனி, அப்புறம் புதுக் கம்பெனி என்று இரண்டு தடவை துடையுங்கள்.

மறுபடி விண்டோஸ் வரும்போது ஐகான்களெல்லாம் பூசணிக்காய் சைஸில் தெரியலாம். பதறாதீர்கள். 'மைக்ரோசாஃப்ட் பேஸிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற தற்காலிக டிரைவர் வண்டியை முதல் கியரில் ஓட்டுகிறார் என்று அர்த்தம்.

இறக்கி வைத்த புது டிரைவரை ஓடவிடுங்கள். 'கஸ்டம்' போட்டு, வேண்டாத சொந்தங்களின் டிக்கை எடுத்துவிடுங்கள். நடுவில் ஸ்கிரீன் இரண்டு மூன்று தடவை இருண்டு விழிக்கும். அது பிரசவ வேதனை. பவர் பட்டன் பக்கம் கை போகவே கூடாது. யு.பி.எஸ். இல்லாதவர்கள் கரன்ட் கட் அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடவேண்டாம்.

முடிந்ததும் ரீஸ்டார்ட். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இல்லையென்றால் பாஸ். நெட்டைத் திரும்பக் கொடுங்கள். நாலைந்து நாள் உங்கள் வழக்கமான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சுத்தமான டிரைவருக்குப் பிறகும் 'கோட் 43' என்று முரண்டு பிடித்தால், அந்தக் கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கதை என்றால் கடைக்காரர் சொல்வதை நம்பலாம்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். அட்மின் பாஸ்வேர்டும் பிட்லாக்கர் கீயும் சிஸ்டம் அட்மினிடம் இருக்கும். திங்கட்கிழமை காலையில் அவருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு நீல ஸ்கிரீனாக இருக்க வேண்டாம். ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "சார், விண்டோஸுக்கு முன்னாடி ஸ்கிரீன் சுத்தமா இருக்கு, உள்ள வந்தப்புறம்தான் கறுத்துப் போகுது" என்று சொல்லுங்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டதாக அவர் சந்தோஷப்படுவார்.

இரண்டு, ஓடுகிற வண்டியை நிறுத்தி இன்ஜினைப் பிரிக்காதீர்கள். மாதாமாதம் டிரைவர் வருகிறது என்பதற்காக மாதாமாதம் டி.டி.யூ. போட வேண்டியதில்லை. சாதாரண அப்டேட்டுக்கு மேலோட்டமாக இன்ஸ்டால் செய்தாலே போதும். தகராறு வந்தாலோ, கார்டின் கம்பெனி மாறினாலோ மட்டும் துடைப்பத்தை எடுங்கள்.

மாடிவீட்டுத் தம்பி இப்போது கார்டு வாங்கித் தரும் சைட் பிசினஸும் ஆரம்பித்திருக்கிறான். யாராவது 'கார்டு செத்துப் போச்சு' என்று வந்தால், அவன் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணா, விண்டோஸுக்கு முன்னாடி ஸ்கிரீன் சுத்தமா இருக்கா?"

கன்சல்டேஷன் ஃபீஸ் நூறு ரூபாயாம். எனக்குப் பங்கு எதுவும் தரவில்லை.